தேசிங்கும் தானியக் களஞ்சியமும்

பெண்களுக்கான முதல் உலகக் கைப்பந்துப் போட்டி 1952இல் மாஸ்கோவில் நடந்தது. கலந்துகொண்டவை எட்டு நாடுகள். சோவியத் யூனியன் முதலிடம், போலந்து இரண்டு, செக்கோஸ்லோவாக்கியா மூன்று. பிறகு பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, பிரான்ஸ். எட்டாவது இந்தியா. கடைசி இடம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஐரோப்பிய அணிகளுக்கு நடுவே வெளியிலிருந்து போய் நின்ற ஒரே அணியும் அதுதான். அன்று ஜப்பான் அங்கே இல்லை, சீனா இல்லை, பிரேசிலும் கியூபாவும் இல்லை. விடுதலை பெற்று ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தியக் கைப்பந்துச் சம்மேளனம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த நிலையில் ஒரு நாடு தன் பெண்களை வலைக்கு முன்னால் நிறுத்த மாஸ்கோ வரை அனுப்பியிருக்கிறது. அதன்பின் 2025 ஆகஸ்டு, செப்டம்பரில் தாய்லாந்து நடத்திய போட்டி வரை இந்தியப் பெண்கள் அணி ஒரு முறைகூட உலகப் போட்டிக்குப் போகவில்லை. 2025இல் 32 அணிகளுக்கு இடம் இருந்தது. வியட்நாம் முதன்முறையாக வந்தது, கென்யா வந்தது. நாம் இல்லை. இத்தனைக்கும் தமிழ்நாட்டில் கைப்பந்து ஆடாத ஊர் என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: உயரம் போதாது, ஊட்டம் போதாது, அரங்கம் இல்லை, கிரிக்கெட் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது, சம்மேளனத்தில் சண்டை. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. சம்மேளனச் சண்டை முற்றி, 2016 டிசம்பரில் சர்வதேசக் கூட்டமைப்பே நம் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. ஆனாலும் இவை எல்லாம் கிளைகள். உலகப் போட்டி ஒரு நாட்டின் திறமையை அளப்பதாக நினைத்துக்கொள்கிறோம். பெண்கள் கைப்பந்தைப் பொறுத்தவரை அது அளப்பது வேறொன்றை: பள்ளி முடித்த ஒரு பெண், அதே ஐந்து பெண்களோடு, எத்தனை ஆண்டுகள் ஆடுகளத்தில் நிற்க அவள் நாடு இடம் கொடுக்கிறது என்பதை. 2025 செப்டம்பர் 7 அன்று பாங்காக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் இத்தாலி மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் துருக்கியை வென்றது. இத்தாலியின் லிபரோ, அதாவது பின்வரிசைத் தற்காப்பு ஆட்டக்காரி, மோனிகா தெ ஜென்னாரோவுக்கு அப்போது வயது 38. எதிரே துருக்கி அணியின் பயிற்சியாளராக நின்றவர் அவருடைய கணவர் தானியேலே சாந்தரெல்லி. இதைச் சுவையான துணுக்காக எல்லாப் பத்திரிகைகளும் போட்டன. எனக்கு அது துணுக்காகத் தெரியவில்லை. கல்யாணம் ஒரு பெண்ணின் ஆட்டத்தை முடித்துவைக்காத சமூகம் ஒன்றின் சான்றிதழாகவே அது தெரிகிறது.

ஏன் ஆண்டுக்கணக்கு அவ்வளவு முக்கியம் என்பதை ஆட்டத்தின் விதிகளே சொல்லிவிடும். கைப்பந்தில் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை தொடக் கூடாது. மூன்று தொடுதலுக்குள் பந்து வலையைத் தாண்டியாக வேண்டும். சர்வீஸ் கை மாறும்போதெல்லாம் இடம் சுற்ற வேண்டும் என்பதால், லிபரோவைத் தவிர வேறு யாரும் பின்வரிசையிலேயே ஒளிந்துகொள்ளவும் முடியாது. கால்பந்தில் ஒரு மேதை நான்கு பேரை ஏய்த்துக்கொண்டு தனியே போய்க் கோல் அடிக்கலாம். கைப்பந்தில் எவ்வளவு பெரிய அட்டாக்கரும் இன்னொருத்தி தூக்கிக் கொடுத்தால்தான் அடிக்க முடியும். அந்த இன்னொருத்தி, அதாவது செட்டர், அடிப்பவளின் ஓட்டம், குதிக்கும் கணம், களைப்பு, அன்றைய மனநிலை எல்லாவற்றையும் கண் நிமிர்த்தாமலே அறிந்திருக்க வேண்டும். இந்த அறிவு முகாமில் வராது. இரண்டு மாதம் பாட்டியாலாவிலோ பெங்களூரிலோ கூடிப் பயிற்சி எடுத்தால் உடல் தயாராகும். அந்த அறிவு தயாராகாது. பி.டி. உஷா பையோளியிலிருந்து வர முடிந்தது, மேரி கோம் மணிப்பூரின் கிராமத்திலிருந்து வர முடிந்தது. தனி ஆட்டங்களில் பிடிவாதமும் ஒரு நல்ல பயிற்சியாளரும் ஊரின் குறைகளை ஓரளவு ஈடுகட்டிவிடும். கைப்பந்தில் அந்தக் குறுக்குவழி அடைபட்டிருக்கிறது. ஒரு பெண் எவ்வளவு பிடிவாதக்காரியாக இருந்தாலும் மற்ற ஐவர் கல்யாணமாகிப் போய்விட்டால் அவளும் முடிந்தாள்.

இதை யோசிக்க விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை நல்ல இடம். அந்தக் கோட்டையைப் பற்றி நம் மக்கள் பாடி வைத்திருப்பது ஒருவனை: ராஜா தேசிங்கு. 1714 அக்டோபரில், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படைக்கு எதிராகச் சில நூறு குதிரை வீரர்களோடு போய் விழுந்தவன். வயது 22 என்பார்கள். ஒரே பகல், ஒரே மோதல், அதற்குள் கதை முடிந்தது. ஆனால் முந்நூறு ஆண்டுகளாகப் பாட்டும் கூத்துமாக அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதே கோட்டையில் அதற்கு முன்னால் நடந்த இன்னொன்றுக்கு இந்தப் பக்கம் அப்படியொரு பாட்டு இல்லை. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினான். கோட்டை விழுந்தது 1698இல். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். (சுல்பிகார் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தான் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.) அந்த எட்டு ஆண்டுகளைத் தாங்கியதில் வாள்வீச்சை விடப் பெரிய பங்கு கோட்டையின் மலைகளில் ஒன்றான ராஜகிரியின் அடிவாரத்தில் இன்றும் நிற்கும் தானியக் களஞ்சியங்களுக்கும் பாறைக்கு நடுவே வெட்டிய சுனைகளுக்கும் குளங்களுக்கும் உண்டு. களஞ்சியத்துக்குப் பக்கத்திலேயே உடற்பயிற்சிக் கூடம் என்று அடையாளம் காட்டப்படும் கட்டடமும் இருக்கிறது. கட்டியவர்களுக்கு இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு பகுதிகளாகத் தெரிந்திருக்க வேண்டும். நம் விளையாட்டுப் பண்பாடு தேசிங்கு பக்கம் சாய்ந்தது. வென்றவளுக்கு விமான நிலையத்தில் மாலை, திறந்த ஜீப்பில் ஊர்வலம், காசோலை. களஞ்சியம் கட்டுவதில்தான் நமக்கு அக்கறை இல்லை.

களஞ்சியம் கட்டியவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் முதலாளிகளும் அரசு நிறுவனங்களும்தான். ஒசாக்காவுக்குத் தெற்கே கைசுகாவில் இருந்த நூற்பாலை ஒன்று, பின்னாளில் நிச்சிபோ என்று பெயர் பெற்ற நிறுவனத்தினுடையது, 1954இல் தன் ஆலைகளில் வேலை செய்த பெண்களைக் கொண்டு ஒரு கைப்பந்து அணி அமைத்தது. பயிற்சியாளர் ஹிரோபுமி தைமாட்சு. பகலில் ஆலை வேலை, மாலையில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும் பயிற்சி. உயரத்தில் சோவியத் பெண்களோடு போட்டி போட முடியாது என்பதால், தரையில் உருண்டு பந்தை எடுத்து அதே வேகத்தில் எழுந்து நிற்கும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். 1962இல் மாஸ்கோவிலேயே சோவியத் அணியை வென்று உலகப் பட்டம். 1964இல் கைப்பந்து ஒலிம்பிக்கில் நுழைந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட முதல் குழு விளையாட்டு அதுதான். அந்த ஆண்டு அக்டோபர் 23இல் தோக்கியோவில் தங்கம் வென்ற ஜப்பானிய அணியில் பெரும்பாலோர் இந்த ஒரே ஆலைக்காரர்கள். அந்த ஆட்டத்தை ஒளிபரப்பியபோது கண்டோ வட்டாரத்தில் பதிவான பார்வையாளர் அளவு 66.8 சதவீதம். ஒரு நாட்டின் பெயரில் ஆடியது உண்மையில் ஒரு நூற்பாலை. பணக்கார நாட்டின் கதை என்று தள்ளிவிட முடியாது. கென்யாவைப் பாருங்கள். எண்ணெய்க் குழாய் நிறுவனம், வணிக வங்கி, சிறைத்துறை ஆகிய மூன்றின் பெண்கள் அணிகளும் ஒன்றோடொன்று மோதி வளர்த்த ஆட்டக்காரிகள்தான் அந்நாட்டைத் தோக்கியோ 2020 ஒலிம்பிக்குக்கும், பாங்காக் போட்டிக்கும் கொண்டுபோனார்கள். சிறைக் காவலர் வேலையில் இருந்துகொண்டு ஒரு பெண் உலகப் போட்டியில் ஆடலாம் என்பது அங்கே ஆச்சரியமே இல்லை.

இந்தியாவிலும் இந்தச் சூத்திரம் பொய்க்கவில்லை. தேசியப் பெண்கள் கைப்பந்தில் நீண்ட காலமாகக் கோப்பையைப் பங்குபோட்டுக்கொள்வது ரயில்வேயும் கேரளமும். ரயில்வே அணியைப் பிரித்துப் பார்த்தால் அதிலும் பாதிக்குமேல் மலையாளப் பெண்களாக இருக்கும் ஆண்டுகள் உண்டு. கேரளத்தில் விளையாட்டு விடுதி, சங்கனாச்சேரி போன்ற ஊர்களின் மகளிர் கல்லூரிகள், அதன் பிறகு மின்வாரியம், காவல்துறை, ரயில்வே என்று ஒரு படிக்கட்டு உண்டு. பதினாலு வயதில் ஏறியவள் முப்பது வரை இறங்க வேண்டியதில்லை. கே.சி. ஏலம்மா 1975இல் அர்ஜுனா விருது பெற்றதும், பிறகு ஜெய்சம்மா மூத்தேடன் பெற்றதும் இந்தப் படிக்கட்டின் விளைச்சல். பெண்கள் ஹாக்கியில் இதே பாடம் இன்னும் தெளிவு: தோக்கியோ 2020 ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்த அணியின் முதுகெலும்பாக நின்றவர்கள் ரயில்வே ஊழியர்கள். தமிழ்நாட்டில் ஆண்களுக்கு ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., சுங்கத்துறை, வருமானவரித் துறை என்று வாசல்கள் பல இருந்தன, ஏ. பழனிசாமி 1961லேயே கைப்பந்துக்கான முதல் அர்ஜுனா விருதைப் பெற்றதும், பிறகு ஜி.இ. ஸ்ரீதரன் போன்றவர்கள் வந்ததும் தற்செயல் அல்ல. பெண்களுக்கோ தெற்கு ரயில்வே, காவல்துறை என்று விரல்விட்டு எண்ணும்படிதான்.

செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் ஒன்றியங்களைப் போன்ற ஒரு வட்டாரத்தில், மல்லாட்டையும் நெல்லும் விளையும் மானாவாரிக் காடுகளுக்கு நடுவே இருக்கும் அரசுப் பள்ளியில் ஒரு பெண் நன்றாக ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நடக்கக்கூடியதுதான், இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து, அக்கறையுள்ள ஒரு உடற்கல்வி ஆசிரியை போதும். உடம்போடு உடம்பு மோதாத ஆட்டம் என்பதால் வீட்டிலும் கபடிக்கு வரும் எதிர்ப்பு இதற்கு வருவதில்லை. குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, கொடுத்துவைத்திருந்தால் மாநிலப் போட்டி. பன்னிரண்டாம் வகுப்போடு இந்தப் பாதை முடிகிறது. அப்போது அவளுக்கு வயது 17. தெ ஜென்னாரோவின் கணக்குப்படி இன்னும் 21 ஆண்டுகள் ஆட்டம் மிச்சம் இருக்கிறது. அவள் வீட்டுக் கணக்குப்படி இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாப்பிள்ளை பார்க்க வேண்டும். பெற்றோரைப் பழைமைவாதிகள் என்று திட்டிப் பயனில்லை. அவர்கள் போடும் கணக்கில் கைப்பந்து என்ற வரிக்கு எதிரே எழுத எதுவுமில்லை. வேலை என்று ஒன்று அங்கே எழுதப்பட்டிருந்தால் கணக்கு மாறும், ஆசிரியை வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் மாறிய மாதிரி. பெண்கள் கைப்பந்துக்கு இந்தியாவிலேயே பெரிய முதலாளி ரயில்வே. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு அறிவித்த ரயில் பாதையோ பல வரவுசெலவுத் திட்டங்களைக் கடந்தும் முடிந்தபாடில்லை என்பதை இங்கே ஒரு எரிச்சலோடு குறித்துவைக்கிறேன்.

ஜப்பானிய ஆலையைச் சொன்னபோதே படிப்பவர்களுக்குக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் ஆலைகள் ஞாபகம் வந்திருக்கும். நம்மிடமும் நூற்பாலைகள் இருந்தன, வறண்ட மாவட்டங்களிலிருந்து கூட்டிவந்து விடுதியில் தங்கவைத்த இளம்பெண்களும் இருந்தார்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்றாண்டு உழைப்புக்கு முடிவில் ஒரு மொத்தத் தொகை. அது கல்யாணச் செலவுக்கு. அதாவது ஆலையே கல்யாணத்துக்கு முந்தைய ஒரு காத்திருப்பு அறை. இரண்டு நாட்டு ஆலைகளும் ஒரே வயதுப் பெண்களை, ஒரே மாதிரி விடுதிகளில், ஒரே மாதிரி தந்தைவழி அதிகாரத்தின் கீழ் வைத்திருந்தன. ஒன்றிலிருந்து உலக சாம்பியன்கள் வந்தார்கள். மற்றதிலிருந்து தொழிலாளர் உரிமை அமைப்புகளின் அறிக்கைகள் வந்தன. இதைச் சொன்னதும், நிச்சிபோ மட்டும் சொர்க்கமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இல்லை. தைமாட்சுவின் பயிற்சி கொடுமை என்று அன்றே ஜப்பானில் பேசப்பட்டது. பெண்களின் உழைப்பையும் பெருமையையும் ஒரே நிறுவனம் ஒரே கூரையின் கீழ் எடுத்துக்கொண்டது. அணித்தலைவி கசாய் மசாயேவுக்குத் தங்கம் வென்றபோது வயது 31. 1962லேயே விலக நினைத்தவர்களை ஒலிம்பிக்கைக் காட்டித் தடுத்து நிறுத்தியதன் விலை அது. பிறகு பிரதமர் சாத்தோ எய்சாகுவே தலையிட்டு அவருக்கு மாப்பிள்ளை பார்த்தார். நாட்டுக்காக ஆடியவளின் கல்யாணம் நாட்டின் கவலையாகிவிட்டது, அவ்வளவுதான். கல்யாணத்தோடு ஆட்டம் முடிந்தது என்ற விதி அங்கும் மாறவில்லை. ஆகவே நான் நிச்சிபோவை முன்மாதிரியாக வைக்கவில்லை, சான்றாக வைக்கிறேன். ஆட்டக்காரிகளுக்கு ஒரே கூரை, ஒரே சம்பளம், ஒரே ஆடுகளம் பல ஆண்டுகளுக்குக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கான சான்று. அந்தக் கூரைக்குள் தொழிலாளர் சட்டத்தையும் மகப்பேறு விடுப்பையும் கொண்டுவர முடியாது என்று எந்த விதியும் இல்லை.

உயரம் பற்றிய வாதத்துக்கும் பதில் சொல்லிவிடலாம். பெண்களுக்கான வலை 2.24 மீட்டர் உயரம். உயரம் உதவும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தாய்லாந்தின் செட்டர் நுட்சரா தோம்கோம் 169 செ.மீ. அந்த உயரத்தில் நம் பள்ளிகளில் பெண்கள் இருக்கிறார்கள். நுட்சரா, பிளும்ஜித், விலாவன், ஓனுமா என்று பதின்பருவ முடிவில் ஒன்றுசேர்ந்த ஒரு கூட்டம் கியாத்திபோங் என்ற ஒரே பயிற்சியாளரின் கீழ் பத்தாண்டுக்கும் மேல் பிரியாமல் ஆடியது. 2009இல் ஹனோயில் சீனாவையும் 2013இல் சொந்த மண்ணில் ஜப்பானையும் வென்று ஆசியப் பட்டத்தை எடுத்தது. சீன அணியின் சராசரி உயரத்தோடு அவர்கள் ஒருநாளும் போட்டியிட்டதில்லை. பந்தை எங்கே எப்போது தூக்கினால் சீனத் தடுப்பு ஒரு நொடி தாமதிக்கும் என்பதை அவர்கள் சேர்ந்தே கற்றிருந்தார்கள்.

இன்னொரு ஆட்சேபம் உள்ளிருந்தே வருவது, அதனால் வலுவானது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது. வேலைக்காகத்தான் ஆடினாள், வேலை வந்ததும் பந்தைத் தொடுவதில்லை என்பார்கள். நடப்பது அதுதான், ஆனால் குற்றம் அவளுடையது இல்லை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, பதக்கம் வென்றால் ஊக்கத்தொகை இருக்கிறது. இரண்டும் ஆடி முடித்ததற்கான பரிசுகள். மாநிலத்துக்கு ஆடிய ஒருத்தியை ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகவும் அவளோடு ஆடிய செட்டரை இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பதிவாளர் அலுவலகத்திலும் உட்காரவைத்தால், இருவரும் மாலையில் யாரோடு ஆடுவது? அணியாகச் சேர்க்காத வேலை கைப்பந்துக்கு வேலையே இல்லை. அதே பன்னிரண்டு பணியிடங்களை ஒரே நிறுவனத்தில், ஒரே ஊரில், காலையும் மாலையும் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்துப் பார்த்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

தனியார் லீக் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2011இல் ஒரு லீக் வந்தது, 2019இல் ஒன்று, 2022இல் பிரைம் வாலிபால். மூன்றும் ஆண்களுக்கு மட்டும். 2019இல் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பையை வென்ற இரவில் நேரு உள்ளரங்கம் நிறைந்திருந்தது நல்ல விஷயம்தான். சந்தை தனக்குத் தெரிந்த வாடிக்கையாளரைத்தான் முதலில் தேடும். பெண்களிடம் அது வருவதற்குள் இன்னும் இரண்டு தலைமுறை பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடும்.

கடைசியாக, எதற்கு இதெல்லாம் என்ற கேள்வி. நாட்டின் பெயர், கொடி, தேசியகீதம் இவற்றில் நம்பிக்கை இழந்த சிறுபத்திரிகை வாசகருக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே வரும். செஞ்சியில் நின்று கேட்டால் இன்னும் கூர்மையாக வரும்: கோனார்கள் என்றும் விஜயநகர நாயக்கர்கள் என்றும் பிஜாப்பூர் என்றும் மராட்டியர் என்றும் முகலாயர் என்றும் பிரெஞ்சுக்காரர் என்றும் ஆங்கிலேயர் என்றும் கொடி மாறிக்கொண்டே வந்த கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பின் கீழ், பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக, மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாகத்தான் சேர்த்தது. கொடியின் மேல் எனக்கும் பெரிய பக்தி கிடையாது. ஆனால் நாடுகளுக்கிடையிலான போட்டி ஒரு தணிக்கை அறிக்கை போல வேலை செய்கிறது. பள்ளிக்கூட எண்ணிக்கையில், மாணவிகள் சேர்க்கை விகிதத்தில் நாம் முன்னால் நிற்கிறோம். பள்ளிக்குப் பிறகு அந்த உடல்கள் எங்கே போயின என்று அந்தப் புள்ளிவிவரங்கள் கேட்பதில்லை. 32 அணிகளில் நாம் இல்லை என்பது அந்தக் கேள்வியைக் கேட்கிறது. வேறு யாரும் கேட்காதவரை இது கேட்கட்டும்.

விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகம் இருக்கிறது. மாவட்டத்தில் விளையாட்டு அரங்கம் இருக்கிறது, சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. நட்டத்தில் ஓடும் கழகத்துக்குக் கைப்பந்து அணி ஒரு கேடா என்று கேட்பார்கள். பன்னிரண்டு பெண்கள் பகலில் டிக்கெட் கணக்கும் ஊதியப் பட்டியலும் பார்ப்பார்கள். கழகம் எப்படியும் நிரப்ப வேண்டிய நாற்காலிகள்தான் அவை. உண்மையான தடை பணத்தில் இல்லை, பொறுமையில் இருக்கிறது. ஓர் அரசின் ஆயுள் ஐந்து ஆண்டுகள், ஒரு மேலாண்மை இயக்குநரின் பதவிக்காலம் அதைவிடக் குறைவு. நிச்சிபோ அணி அமைத்தது 1954இல், உலகப் பட்டம் வென்றது 1962இல். தாய்லாந்து அந்த நான்கைந்து பெண்களைச் சேர்த்துவைத்ததிலிருந்து ஹனோய் வரை போக ஏறத்தாழ அதே அளவு காலம் ஆனது.